ஊரில் தற்கொலைத் தடுப்புக் குழு: ஆள் சேர்ப்பது முதல் 18 மாதத் தொடர்பு வரை

இதை வாசிக்கும்போது உங்களுக்கே உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் இருந்தால் இதை அப்படியே வைத்துவிட்டு 14416 என்ற எண்ணுக்கு இப்போதே பேசுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. உங்கள் பக்கத்தில் ஒருவர் அந்த நிலையில் இருந்தால் நேராக 6ஆம் பகுதிக்குப் போங்கள்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் கூட்டத்தில் இருந்துதான் தொடங்குகிறார்கள். பந்தல், ஒலிபெருக்கி, பேச ஒரு மருத்துவர், பள்ளிப் பிள்ளைகளின் உறுதிமொழி. மறுநாள் காலையில் ஒரு பெண் வந்து நிற்பார்: “நேற்று சொன்னீர்களே, எனக்கு அப்படித்தான் இருக்கிறது.” அவரை எங்கே அனுப்புவது, கூட யார் போவது, திரும்பி வந்த பிறகு யார் விசாரிப்பது என்று யாருக்கும் தெரிந்திருக்காது. நான் சேர்ந்து வேலை செய்த முதல் குழுவில் இதுதான் நடந்தது. அந்த அம்மாவுக்கு மூன்று நாள் கழித்துத்தான் எங்களால் வழி சொல்ல முடிந்தது. அந்த மூன்று நாளும் அவரைப் பார்த்துக்கொண்டவர் அவருடைய அக்கா, நாங்கள் இல்லை.

அதன் பிறகு வரிசையை மாற்றிக்கொண்டோம். இப்போது கூட்டம் எட்டாவது படி. அதற்கு முன் உள்ள ஏழும் முடியாமல் ஒலிபெருக்கியைத் தொடுவதில்லை. உதவி கேட்கச் சொல்லிவிட்டுக் கேட்டவரைக் கைவிட்டால், அவர் இன்னொரு முறை யாரிடமும் கேட்க மாட்டார்.

1. முதலில் ஐந்து பேர்

ஐந்து முதல் எட்டுப் பேர் போதும். ஐம்பது பேர் பெயர் கொடுத்தால் ஐந்து பேர்தான் வருவார்கள், அந்த ஐவர் யார் என்று தெரிவதற்குள் ஆறு மாதம் ஓடிவிடும்.

ஊரில் ஏற்கெனவே மனிதர்கள் மனம் விட்டுப் பேசும் இடங்களில் தேடுங்கள். மகளிர் சுயஉதவிக் குழுவை நடத்துகிறவர், கிராம சுகாதார செவிலியர், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு வீடாகச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்க வரும் தன்னார்வலர், அங்கன்வாடிப் பணியாளர், சலூன் வைத்திருப்பவர், டீக்கடைக்காரர், உரக்கடைக்காரர். உரக்கடைக்காரரை விட்டுவிடாதீர்கள். அவர் ஏன் முக்கியம் என்பது 4ஆம் பகுதியில் வரும்.

ஊரின் ஒவ்வொரு தெருவில் இருந்தும் ஒருவர் வேண்டும். ஊர்த் தெருவில் இருந்து மட்டும் ஆள் எடுத்தால் குடியிருப்பில் இருக்கிறவர்கள் வந்து பேச மாட்டார்கள், அங்கே போவதற்கும் குழுவில் ஆள் இருக்காது. இந்தச் சாதிப் பிரிவை வெளிப்படையாகப் பேசக் கூச்சப்பட்டுத் தவிர்த்த குழுக்கள் பாதி ஊருக்குத்தான் வேலை செய்தன. பெண்கள் குறைந்தது இருவர் வேண்டும். மாமியார் கொடுமையைப் பற்றி ஒரு பெண் வேற்று ஆணிடம் சொல்ல மாட்டார்.

சிலரைச் சேர்க்கக் கூடாது. வட்டிக்குக் கொடுப்பவர் வேண்டாம். ஊர்ப் பஞ்சாயத்தில் தீர்ப்புச் சொல்லிப் பழகியவர் வேண்டாம், அவரால் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்க முடியாது. சொந்த வீட்டில் இப்படி ஒரு சாவு நடந்து ஓராண்டு ஆகாதவர் ஆர்வத்தோடு வருவார். அவரைக் காத்திருக்கச் சொல்லுங்கள். முதலில் அவருக்கே ஆதரவு தேவை. இரண்டாம் ஆண்டில் அவரைப் போலக் கேட்கத் தெரிந்தவர் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

2. அனுப்பும் இடத்தை நேரில் போய்ப் பாருங்கள்

ஒரு நோட்டு வாங்குங்கள். அதில் எழுதும் எதையும் இணையத்தில் பார்த்து எழுதாதீர்கள், நீங்களே போய்ப் பார்த்து எழுதுங்கள்.

மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் எந்த அரசு மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறார், எத்தனை மணிக்குச் சீட்டுக் கொடுப்பதை நிறுத்துகிறார்கள், மனநலப் பிரிவு எந்தக் கட்டடத்தில் இருக்கிறது, உங்கள் ஊரில் இருந்து முதல் பஸ் எத்தனை மணிக்கு. இவையெல்லாம் அந்த நோட்டில் இருக்க வேண்டும். அழைத்துப்போன அன்றைக்கு “டாக்டர் வியாழக்கிழமைதான் வருவார்” என்று திருப்பி அனுப்பினால், வீட்டுக்காரர்கள் இரண்டாம் முறை வர மாட்டார்கள். ஒரே ஒரு பகல் செலவழித்துப் போய்வந்தால் தவிர்க்கக்கூடிய தவறு இது. அங்கே இருக்கும் உளவியலாளரிடமோ சமூகப் பணியாளரிடமோ முகத்தைக் காட்டிவிட்டு வாருங்கள். பெயர் சொல்லி அனுப்புவதற்கும் வெறுமனே அனுப்புவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

தொலைபேசி எண்களையும் அதே நோட்டில் எழுதுங்கள். 14416 என்பது டெலி மானஸ், 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய மத்திய அரசின் மனநல உதவி எண். 104 மாநில அரசின் மருத்துவ ஆலோசனை எண். சென்னையில் 1986 முதல் இயங்கும் ‘சினேகா’ தற்கொலைத் தடுப்பு மையத்தின் எண் 044-24640050. உயிருக்கு ஆபத்து என்றால் 108. குழந்தைகளுக்கு 1098, வீட்டில் அடி உதை வாங்கும் பெண்களுக்கு 181, முதியவர்களுக்கு 14567, இலவசச் சட்ட உதவிக்கு 15100.

ஒவ்வொரு எண்ணையும் குழுவில் ஒருவர் தாமே ஒரு முறை அழைத்துப் பாருங்கள். எத்தனை மணி அடித்த பிறகு எடுக்கிறார்கள், முதலில் எந்த மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள், என்ன கேட்கிறார்கள் என்று தெரிந்திருந்தால்தான், கை நடுங்கும் ஒருவருக்கு எண்ணை அழுத்திக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார முடியும். “இந்த நம்பருக்குப் பேசுங்கள்” என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். இருந்த பலத்தையெல்லாம் திரட்டி உங்களிடம் வந்து சொன்னவருக்கு, இன்னொரு முறை முதலில் இருந்து சொல்லத் தெம்பு இருக்காது.

3. கேட்கப் பழகுங்கள்

அதிக நாள் செலவழிக்க வேண்டிய படி இதுதான். வாரம் ஒரு மாலை வீதம் ஆறு வாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பாடம், நேராகக் கேட்பது. எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான். “நாமே எடுத்துக் கொடுத்ததுபோல் ஆகிவிடாதா?” என்பார்கள். ஆகாது. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வருவதில்லை என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. ஏற்கெனவே அந்த எண்ணத்தோடு தனியாகக் கிடப்பவருக்கு, அதை வாய்விட்டுச் சொல்ல ஓர் ஆள் கிடைக்கிறது. அவ்வளவுதான்.

ஆனால் நம் ஊரில் யாரும் “தற்கொலை” என்ற சொல்லில் பேசத் தொடங்குவதில்லை. “நான் இருந்து என்ன ஆகப் போகிறது”, “எல்லோருக்கும் பாரமாகிவிட்டேன்”, “இனி உங்களுக்குத் தொந்தரவு இருக்காது”, “ஒரேயடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டால் நல்லது”, “பிள்ளைகளைப் பார்த்துக்கொள்” என்பார்கள். வயதானவர் சொன்னால் அதை வழக்கமான புலம்பல் என்று தள்ளிவிடுகிறோம். குடித்தவர் சொன்னால் போதை பேசுகிறது என்கிறோம். இரண்டுமே தவறு. சொல்லாமல் செயலில் காட்டுபவர்களும் உண்டு: ஆசையாக வளர்த்த ஆட்டை விற்றுவிடுவது, சின்னக் கடனையெல்லாம் தேடிப் போய் அடைப்பது, பல நாள் அழுதுகொண்டிருந்தவர் திடீரென்று அமைதியாகிவிடுவது.

இப்படி ஏதாவது கண்ணில் பட்டால் தனியாக உட்காரவைத்து, அவர் சொன்ன சொல்லையே எடுத்துக்கொண்டு கேளுங்கள்: “போய்ச் சேர்ந்துவிட்டால் நல்லது என்றீர்களே அக்கா, உயிரை விட்டுவிடலாம் என்று நினைக்கிறீர்களா?” இந்த வாக்கியத்தை ஒவ்வொருவரும் சத்தமாக, இருபது முறையாவது சொல்லிப் பழக வேண்டும். முதல் ஐந்து முறை நாக்குக் குழறும். பழகாதவர் அந்த நேரத்தில் “தப்பாக எதுவும் யோசிக்கவில்லையே?” என்று கேட்பார். அப்படிக் கேட்டால் “இல்லை” என்ற பதில்தான் வரும். அந்தக் கேள்வியே “இல்லை” என்று சொல்லும்படி கெஞ்சுகிறது.

“ஆமாம்” என்றால் அடுத்து மூன்றைக் கேளுங்கள். எப்படி என்று யோசித்திருக்கிறாரா, அதற்கானது கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா, எப்போது என்று முடிவு செய்திருக்கிறாரா. இதில் ஒன்றுக்கு “ஆம்” என்றாலும் இனி அது 6ஆம் பகுதியின் வேலை. மூன்றும் இல்லை என்றால் நேரம் இருக்கிறது. இந்த வாரத்துக்குள் மருத்துவரிடம் கூட்டிப்போகலாம். முன்பு ஒரு முறை முயன்றிருக்கிறாரா என்பதையும் கேளுங்கள். முயன்றவர்களுக்கு ஆபத்து எப்போதும் கூடுதல்.

இரண்டாம் பாடம், வாயை மூடிக்கொண்டு இருப்பது. அவர் பேச்சை நிறுத்தினால் மனதுக்குள் இருபது வரை எண்ணுங்கள். பெரும்பாலும் பதினைந்துக்குள் மறுபடி பேசத் தொடங்கிவிடுவார், உண்மையான காரணம் அப்போதுதான் வரும்.

எதைச் சொல்லக் கூடாது என்பதையும் நடித்துப் பாருங்கள். “உன்னைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் இல்லையா?” “பிள்ளைகள் முகத்தைப் பார்த்தாவது இருக்க வேண்டாமா?” “இது கோழைத்தனம்.” பிள்ளைகளுக்குப் பாரமாகிவிட்டோம் என்று நினைத்துத்தான் அவர் இந்த முடிவுக்கே வந்திருப்பார். அவரிடம் பிள்ளை முகத்தைப் பார்க்கச் சொல்வது உப்பை வைத்துத் தேய்ப்பதுபோல. பிள்ளை தலைமேல் சத்தியம் வாங்குவதும் வேண்டாம். நம் ஊரில் எல்லோரும் உடனே செய்வது இதுதான். சத்தியம் செய்தவருக்கு எண்ணம் போகாது, அடுத்த முறை வந்தால் சொல்ல முடியாமல் போகும்.

ரகசியம் பற்றி முன்கூட்டியே பேசுங்கள்: “நீங்கள் சொல்வது ஊருக்குப் போகாது. ஆனால் உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால், உங்களிடம் சொல்லிவிட்டு இன்னொருவரைக் கூப்பிடுவேன்.” “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று வாக்குக் கொடுத்தவர்கள் பிறகு அதை மீற வேண்டி வந்தது, உறவும் போயிற்று. பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளை பாலியல் கொடுமையைச் சொன்னால் அதைத் தெரிவிப்பது போக்சோ சட்டப்படி உங்கள் கடமை என்பதையும் குழு அறிந்திருக்க வேண்டும்.

4. பூச்சிமருந்தைப் பூட்டுங்கள்

உயிரை விடும் முடிவு பல நேரம் சில நிமிடங்களில் எழுந்து, சில மணி நேரத்தில் தணிந்துவிடுகிறது. அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எது இருக்கிறது என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது. வயல் உள்ள ஊரில் அது மருந்து டப்பா. அடுப்படி அலமாரியிலும் கட்டிலுக்கு அடியிலும் அது கிடப்பதை நானே பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

“ஒரு வழியை அடைத்தால் வேறு வழி தேடிக்கொள்வார்கள்” என்று சொல்லாத ஆளே இல்லை. இலங்கையைப் பாருங்கள். 1990களின் நடுவில் உலகிலேயே மிக உயர்ந்த தற்கொலை விகிதம் உள்ள நாடுகளில் ஒன்று அது. கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்த பிறகு, இருபது ஆண்டுகளில் அந்த விகிதம் ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது. அங்கே வறுமையும் போரும் இருந்த காலம்தான் அது.

நம் பக்கத்திலும் முன்மாதிரி உண்டு. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில், வங்கிப் பெட்டகம்போல் மருந்துக்கென்று பொதுக் கிடங்கு கட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொரு விவசாயிக்கும் ஒரு பெட்டி, இரண்டு சாவி. ஒன்று விவசாயியிடம், ஒன்று கிடங்குப் பொறுப்பாளரிடம். ஆய்வின் முடிவு 2013இல் வெளிவந்தது: விவசாயிகள் அதை ஏற்றுப் பயன்படுத்தினார்கள், கிடங்கு இருந்த ஊர்களில் தற்கொலைகளும் குறைந்தன.

கிடங்கு கட்டப் பணம் இல்லாவிட்டால் இப்படித் தொடங்குங்கள். உரக்கடைக்காரரை அழைத்துக்கொண்டு வீடு வீடாகப் போங்கள். பிள்ளைகள் கையில் பட்டுவிடும் என்பதற்காகப் பூட்டச் சொல்லுங்கள். யாரும் மறுக்க மாட்டார்கள். மனநலம் என்று சொல்லி உள்ளே போக முடியாத வீட்டுக்கும் இப்படிப் போய்விடலாம். மீதமான மருந்தை வைத்திருக்க வேண்டாம், வேண்டியதை வேண்டியபோது சிறிய அளவில் வாங்கலாம் என்பதைக் கடைக்காரரே சொல்லட்டும். கடையில் இரண்டு பழக்கங்கள் போதும்: குடித்துவிட்டு வருபவருக்கும் அழுதுகொண்டு வருபவருக்கும் அன்றைக்கு விற்பதில்லை. வயல் இல்லாதவர் வந்து கேட்டால் எந்தப் பயிருக்கு என்று விசாரிப்பது.

வீட்டில் சேர்ந்துகிடக்கும் மாத்திரைகளையும் மறந்துவிட வேண்டாம். மனநல மருந்து எடுப்பவர் வீட்டில் ஒரு வாரத்துக்கு உரியதை மட்டும் வெளியே வைத்து, மீதியை வேறொருவர் வைத்திருக்கலாம்.

5. போலீஸ் பயத்தைத் தெளிவாக்குங்கள்

மருத்துவமனைக்குத் தாமதமாகக் கொண்டுபோவதற்கு முதல் காரணம் “கேஸ் ஆகிவிடும்” என்ற பயம். குழுவில் உள்ள எல்லோரும் கீழே உள்ளதைத் தயங்காமல் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவின்படி, உயிரை விட முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும். மாறாக நிரூபிக்கப்பட்டால் ஒழிய அவரை விசாரித்துத் தண்டிக்கக் கூடாது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் கொடுப்பது அரசின் கடமை. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கியது பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பிரிவு இல்லை. அரசு ஊழியரை ஒன்றைச் செய்யவைக்கவோ தடுக்கவோ மிரட்டும் நோக்கில் செய்யும் முயற்சிக்கு மட்டும் 226ஆம் பிரிவு இருக்கிறது.

மருத்துவமனையில் இருந்து காவல் நிலையத்துக்குத் தகவல் போகும், ஒருவர் வந்து விவரம் எழுதிக்கொள்வார். அதை மறைக்காமல் முன்பே சொல்லிவிடுங்கள். காவலர் வந்து நின்றதும் வீட்டார் பதறினால், நீங்கள் சொன்ன மற்ற எல்லாவற்றின் மேலும் நம்பிக்கை போய்விடும். போலீஸ் வரும்வரை அவசரச் சிகிச்சையைத் தாமதிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989லேயே சொல்லிவிட்டது.

6. அந்த நேரம் வந்தால்

நினைவில் வைக்க முடியாத அளவுக்கு விதிகள் எழுதி வைத்துக்கொள்ளாதீர்கள். செய்ய வேண்டிய வரிசை இதுதான்.

அவரைத் தனியாக விடாதீர்கள். ஒரு நிமிடம் முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்றாலும் கூடவே போங்கள்.

குழுவில் இன்னொருவரை வரச் சொல்லுங்கள். ஒருவர் பேச்சுக்கு, ஒருவர் மற்ற வேலைகளுக்கு. பேசுகிறவர் மாறக் கூடாது. பத்துப் பேர் சுற்றி நின்று ஆளுக்கொரு புத்தி சொல்வதுதான் நம் ஊர் வழக்கம். கூட்டத்தை வெளியே அனுப்புவதே இரண்டாமவரின் முதல் வேலை.

ஆபத்தான பொருளை அந்த இடத்தில் இருந்து அகற்றுங்கள். “நான் எடுத்துவைத்துக்கொள்கிறேன், தருகிறீர்களா?” என்று கேட்டு வாங்குவது நல்லது. பிடுங்கப் பாய்ந்தால் அவரும் பதறுவார், உங்களுக்கும் ஆபத்து. ஆயுதம் இருந்தால் நெருங்காமல் 112க்கு அழையுங்கள்.

குரலைத் தாழ்த்தி, அவர் உட்கார்ந்திருக்கும் உயரத்தில் நீங்களும் உட்காருங்கள். வாழ்க்கைப் பிரச்சினையை இன்றே தீர்க்க முயலாதீர்கள். இன்றிரவைக் கடப்பது மட்டும்தான் இப்போதைய வேலை. கடனையும் கணவனையும் நாளை பார்க்கலாம். தண்ணீர் கொடுங்கள். சாப்பிட்டாரா, தூங்கினாரா என்று கேளுங்கள். இரண்டு நாள் தூங்காத மனிதருக்கு எல்லாமே இருட்டாகத்தான் தெரியும்.

குடித்திருந்தால் விவாதம் வேண்டாம். தெளியும்வரை காவல் இருந்து, தெளிந்த பிறகு அதே கேள்வியை மறுபடியும் கேளுங்கள். “போதையில் உளறினேன்” என்று சொன்னாலும் கேளுங்கள்.

பிறகு 14416ஐ அழைத்து, ஒலிபெருக்கியில் போடாமல் அவர் கையில் கொடுங்கள். பேச மறுத்தால் நீங்களே பேசி அடுத்து என்ன செய்வது என்று கேளுங்கள். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை என்றால் அவர் நம்பும் ஒருவரோடு போங்கள். வீட்டார் கோயிலுக்குப் போய் மந்திரிக்க வேண்டும் என்றால் சண்டை போடாதீர்கள். மருத்துவமனைக்குப் போய்விட்டு வரும் வழியில் போகலாம் என்று சொன்னால் ஒப்புக்கொள்வார்கள்.

ஏற்கெனவே ஏதாவது உட்கொண்டுவிட்டார் என்றால் பேச்சுக்கு நேரம் இல்லை, உடனே 108. வாந்தி எடுக்கவைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர், சாணிக் கரைசல் எதையும் ஊற்றாதீர்கள். அது மூச்சுக்குழாயில் இறங்கினால் பிழைத்திருக்கக்கூடியவரும் இறந்துபோவார். இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். உடையில் மருந்து பட்டிருந்தால் கையில் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு அதைக் கழற்றிவிட்டு உடலைத் தண்ணீரால் கழுவுங்கள். டப்பாவையோ மாத்திரை அட்டையையோ கையோடு கொண்டுபோங்கள். எது என்று தெரிந்தால்தான் மருத்துவர் உடனே சரியான மருந்தைத் தொடங்க முடியும். “கொஞ்சம்தான் உள்ளே போயிருக்கும், நன்றாகத்தானே பேசுகிறார்” என்று வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். சிலவற்றின் விளைவு இரண்டு மூன்று நாள் கழித்தே தெரியும்.

7. 18 மாதத் தொடர்பு

மருத்துவமனையில் இருந்து வீட்டுக்கு வந்ததும் எல்லோரும் மூச்சு விடுகிறார்கள். குழுவும் கலைந்துவிடுகிறது. வீடு திரும்பிய முதல் சில வாரங்கள்தான் மிக ஆபத்தானவை. அவமானம், ஊரின் பார்வை, மருத்துவச் செலவின் கடன் எல்லாம் சேர்ந்து அப்போதுதான் அமுக்கும்.

உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உட்பட ஐந்து நாடுகளில் ஐந்து இடங்களில், முயன்று பிழைத்த 1,867 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தியது. ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மறுபாதிக்கு அதோடு ஒரு மணி நேர உரையாடலும், 18 மாதத்தில் ஒன்பது முறை விசாரிப்பும். விசாரிக்கப்பட்டவர்களில் தற்கொலையால் இறந்தவர்கள் 0.2 சதவீதம், மற்றவர்களில் 2.2 சதவீதம். 2008இல் வெளிவந்த இந்த முடிவைத்தான் எங்கள் குழு எல்லாவற்றுக்கும் மேலாக நம்புகிறது. விசாரிக்க மருத்துவப் படிப்பு வேண்டியதில்லை, மறக்காமல் போனால் போதும்.

ஒன்பது நாள்கள் இவை: 1, 2, 4, 7, 11ஆம் வாரங்கள், பிறகு 4, 6, 12, 18ஆம் மாதங்கள். வீடு திரும்பும் அன்றே நாள்காட்டியைப் பார்த்து ஒன்பது தேதிகளையும் நோட்டில் எழுதி, ஒவ்வொரு தேதிக்கும் எதிரே அன்று போகிறவர் பெயரையும் எழுதுங்கள். “அடிக்கடி போய்ப் பார்ப்போம்” என்று பேசிக்கொண்ட இடங்களில் மூன்றாவது வாரத்தோடு நின்றுபோயிருக்கிறது.

போனால் பத்து நிமிடம் போதும். எப்படி இருக்கிறார், மாத்திரை தீர்ந்துவிட்டதா, அந்த எண்ணம் மறுபடி வந்ததா. மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள்.

முதல் வாரத்தில் ஒரு தாள் எழுதுங்கள். அந்த எண்ணம் வருவதற்கு முன் தமக்கு என்ன நடக்கிறது என்று அவர் சொல்வது, அப்போது தாமே செய்யக்கூடியவை, போய் உட்காரக்கூடிய இடம், பேசக்கூடிய இருவர், உதவி எண்கள், வீட்டில் எடுத்துவைக்க வேண்டிய பொருள்கள். அவருடைய சொற்களில், அவருடைய கையெழுத்தில் இருக்கட்டும். எழுதத் தெரியாவிட்டால் அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். ஓர் அண்ணன் “மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போவேன்” என்று எழுதினார். நாங்கள் சொல்லிக்கொடுத்த மூச்சுப் பயிற்சியைவிட அதுதான் அவருக்கு உதவியது.

காரணத்தையும் விட்டுவிடாதீர்கள். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி, நாட்டில் நடந்த தற்கொலைகளில் ஏறக்குறைய பாதிக்குக் குடும்பப் பிரச்சினையும் நோயுமே காரணம். தமிழ்நாட்டில் அந்த ஆண்டு இறந்தவர்கள் 19,834 பேர். தீராத வயிற்றுவலிக்கு ஒரு நல்ல மருத்துவர், நின்றுபோன முதியோர் உதவித்தொகைக்கு ஒரு மனு, கந்துவட்டிக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு, குடிப்பழக்கத்துக்குச் சிகிச்சை. மனம்விட்டுப் பேசியது மட்டும் போதும் என்று நினைத்து இதில் கைவைக்காத குழு, ஒரே ஆளை மூன்று முறை காப்பாற்ற வேண்டியிருக்கும்.

8. இப்போது கூட்டம் போடுங்கள்

பெரிய கூட்டம் வேண்டாம். சுயஉதவிக் குழுவின் வாரக் கூட்டத்தில் அரை மணி நேரம், நூறு நாள் வேலை நடக்கும் இடத்தில் மர நிழலில் கால் மணி நேரம். இருபது பேருக்கு மேல் இருந்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

சொல்ல வேண்டியவை: அறிகுறிகள், நேராகக் கேட்கலாம் என்பது, எங்கே போவது, யாரைக் கேட்பது. இவ்வளவுதான். யார் எப்படி இறந்தார் என்ற விவரம், இறந்தவர் படம், கடிதத்தின் வாசகம், “இதுதான் காரணம்” என்று ஒற்றைக் காரணம், எதுவும் வேண்டாம். ஏற்கெனவே விளிம்பில் நிற்பவர் அந்தக் கதையில் தம்மைப் பார்த்துவிடுவார். பிழைத்து வந்து இப்போது நன்றாக வாழ்கிறவர் தாமாக முன்வந்தால் பேசட்டும். அவர் எப்படி முயன்றார் என்பது வேண்டாம், யார் கை கொடுத்தது என்பதைச் சொல்லட்டும்.

பள்ளியில் ஒருமுறை வந்து பேசிவிட்டுப் போவது பலன் தராது. ஆசிரியர்களுக்கு 3ஆம் பகுதியைக் கற்றுக்கொடுங்கள். தேர்வு முடிவு வரும் வாரத்தை நாள்காட்டியில் குறித்து, முந்தின நாளே பெற்றோரைப் பாருங்கள். தோற்றவர்களுக்குத் துணைத்தேர்வு அடுத்த சில வாரங்களிலேயே வருகிறது, அந்த ஆண்டே மேலே படிக்கலாம் என்பது பல பெற்றோருக்குத் தெரியாது. முடிவு வரும் நாளில் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள் என்பதே போதுமான பாடம்.

9. தடுக்க முடியாமல் போனால்

எல்லாம் செய்தும் ஒரு சாவு நடக்கலாம். அந்த வீட்டுக்கு யாரும் போகாமல் இருப்பதுதான் அடுத்த ஆபத்து. கருமாதி முடிந்து உறவினர் கலைந்த மறுநாளில் இருந்து நீங்கள் போங்கள். “ஏன் செய்தார்” என்று கேட்காதீர்கள். இறந்தவர் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். ஊரார் அந்தப் பெயரை உச்சரிக்கவே கூசுவார்கள், வீட்டாருக்கு அது இன்னொரு இழப்பு. குழந்தைகளிடம் “ஊருக்குப் போயிருக்கிறார்” என்று பொய் சொல்ல வேண்டாம். அவர்கள் வயதுக்குப் புரியும் அளவில் உண்மையும், “உன்னால் இல்லை” என்ற வார்த்தையும் தேவை.

அவருடைய நெருங்கிய நண்பர்கள், அதே வயதுள்ளவர்கள், அவருக்குக் கடன் கொடுத்தவரிடமே கடன் வாங்கியவர்கள், இவர்களிடம் அந்த வாரமே பேசுங்கள். படத்தோடு நிலைத்தகவல் போடுகிறவர்களிடம் எடுத்துவிடச் சொல்லுங்கள். உள்ளூர் நிருபர் வந்தால் உதவி எண்ணையும் சேர்த்துப் போடும்படி கேளுங்கள். முறையும் இடமும் விவரிக்கக் கூடாது என்று இந்தியப் பத்திரிகை மன்றமே 2019இல் வழிகாட்டியிருக்கிறது.

10. கேட்பவர்களின் முறை

ஒரு வாரம் ஒருவர் கையில் போன் என்று முறை வையுங்கள். முறை முடிந்தவர் ஞாயிறு மாலை போனையும் நோட்டையும் அடுத்தவரிடம் நேரில் கொடுத்து, இந்த வாரம் யாரை எந்த நாளில் பார்க்க வேண்டும் என்பதை வாசித்துக்காட்ட வேண்டும். அந்த நோட்டில் முழுப் பெயர் எழுதாதீர்கள், உங்களுக்குள் புரியும் குறிப்பு போதும். பூட்டிய பெட்டியில் இருக்கட்டும்.

மாதம் ஒரு முறை எல்லோரும் உட்கார்ந்து, மனதில் தங்கிப்போனதைப் பேசுங்கள். மாவட்ட மனநலக் குழுவின் உளவியலாளரை மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதற்கு அழையுங்கள். தூக்கம் கெட்டுப்போன கேட்பவர், தம் முறை வரும் அடுத்த இரண்டு வாரங்களுக்கு விடுப்பு எடுத்துக்கொள்ளட்டும். அவர் பெயருக்கு எதிரே இருக்கும் ஒன்பது தேதிகளை யார் எடுத்துக்கொள்கிறார் என்று அன்றைக்கே அடித்துத் திருத்தி எழுதிவிடுங்கள்.